குளத்துக்கு மூடி போட்ட வாத்து

மஞ்சணத்திக் குளத்தில் கெண்டை மீன்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றுக்குச் செவ்வாலி என்ற கெண்டை தலைவி. குளக்கரையில் வளை தோண்டி ஒரு நண்டு குடியிருந்தது. அதன் பெயர் கொடுக்கன். மழையோ வெயிலோ, அந்தக் கரையை விட்டு அது எங்கும் போனதில்லை.

கார்த்திகையில் குளம் நிறைந்ததும் வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் அல்தான் என்றொரு வாத்து இருந்தது. மங்கோலியாவில் பிறந்து, இமயமலைக்கு மேலே பறந்து வந்த வாத்து. அந்தப் பெருமையை அது ஒரு நாளும் கீழே இறக்கி வைத்ததில்லை. காலையில் வணக்கம் சொன்னால்கூட, "இமயத்துல இந்நேரம்..." என்று ஆரம்பித்துவிடும்.

மீன்களுக்கோ அதன் கதை என்றால் உயிர்.

"எங்க நாட்டுல கடலே கிடையாது," என்றது அல்தான்.

"அப்போ ஆறெல்லாம் எங்க போய் விழும் அண்ணாச்சி?" என்று கேட்டது செவ்வாலி.

"ஏரியில விழும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத ஏரி. சுத்திலும் மரம் கிடையாது. வெறும் புல்லு."

"மழை?"

"ஆடி, ஆவணியில பெய்யும்."

"நாங்க ஒரு சொட்டுக்கு ஏங்குற மாசமாச்சே! சரி, குளிர் எப்படி? நம்ம மார்கழி மாதிரி இருக்குமா?"

அல்தான் சிறகு குலுங்கச் சிரித்தது. "உங்க மார்கழியை எங்க ஊர்ல கொண்டு போய் விட்டா, வெயில் தாங்கலைன்னு நிழலைத் தேடுவோம்."

கெண்டைகள் வாயைப் பிளந்தன. அவை எப்போதும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கும் என்றாலும், அன்று கொஞ்சம் அதிகம்.

மாசி முடியும்போது வயலுக்குக் கடைசித் தண்ணீர் விட மனிதர்கள் மடையைத் திறப்பார்கள். மூன்று நாள் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரோடு கெண்டைகளும் வாய்க்கால் வழியே போய் ஆற்று மடுவில் சேர்ந்துவிடும். மடு ஆழமானது, கோடையிலும் வற்றாது. அடுத்த மழைக்கு வெள்ளத்தை எதிர்த்து ஏறி, குளத்துக்கே திரும்பிவிடும். வழியில் பத்துப் பதினைந்து கெண்டைகளைக் கொக்குகள் கொத்திப் போவது மட்டும் வருஷா வருஷம் நடக்கும்.

அந்த வருஷமும் மடை திறந்தது. கெண்டைகள் கூட்டம் கூடுவதை அல்தான் பார்த்தது.

"எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?"

"மடுவுக்கு அண்ணாச்சி. சித்திரை வந்தா குளம் கெட்டியாயிரும். மேல மாடு நடந்து போகும்."

"இதுக்கா ஓடுறீங்க? எங்க ஏரியும்தான் கெட்டியாகும். அஞ்சு மாசம் மூடி போட்ட மாதிரி கிடக்கும். மேல குதிரை ஓடும். கீழ தண்ணி அப்படியே இருக்கும், மீனும் சுகமா இருக்கும். மூடி இருந்தா கொக்கு ஏது, வலை ஏது? அங்க பாருங்க, உங்க குளத்துக்கும் மூடி விழ ஆரம்பிச்சாச்சு."

கரையோரம் சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. மீன்கள் எட்டிப் பார்த்தன. மூடி போலத்தான் தெரிந்தது. கொக்கு இல்லாத கோடை! அதை நினைத்ததும் செவ்வாலிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இந்த வருஷம் யாரும் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டது.

முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று.

நண்டு அப்போது ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகும் வரை வளைக்குள் பதுங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம்தான் வெளியே வந்தது. மீன்கள் நிதானமாக நீந்துவதைக் கண்டு, "இன்னும் ஏன் கிளம்பலை?" என்று கேட்டது. செவ்வாலி விஷயத்தைச் சொன்னது. நண்டு நேராக அல்தானிடம் போனது.

"ஏன் வே, உங்க ஏரிக்கு மூடி விழறது எப்போ?"

"கார்த்திகையில."

"அப்போ நீரு எங்க இருப்பீரு?"

"இங்கதான்."

"மூடியை முழுசா கண்ணால பார்த்திருக்கீரா?"

"கிளம்பும்போது ஓரத்துல லேசா கட்டியிருக்கும். திரும்பிப் போகும்போது உடைஞ்சு மிதக்கும்," என்றது அல்தான், குரல் கொஞ்சம் இறங்கி.

"சரி. எங்க குளத்தைச் சித்திரையில பார்த்திருக்கீரா?"

"சித்திரையில நான் அங்க..."

"அப்படிப் போடும்! அந்த ஊர்ல கஷ்டம் வரும்போது இங்க வந்துருவீரு. இந்த ஊர்ல கஷ்டம் வரும்போது அங்க போயிருவீரு. ரெண்டு ஊர்லயும் விருந்தை மட்டும் சாப்பிட்டுட்டு, சமையலைப் பத்திப் பேசுதீரு. வாரும், மூடியைத் திறந்து காட்டுதேன்."

கரையோரத்துப் பாளம் ஒன்றை நண்டு கொடுக்கால் நெம்பிப் புரட்டியது. அடியில் தண்ணீர் இல்லை. பொடிமண்ணும், போன கோடையில் தங்கிவிட்ட சில மீன்களின் முள்ளும் கிடந்தன.

"அங்க குளிரு தண்ணியை மூடுது. இங்க வெயில் தண்ணியைக் குடிக்குது. ரெண்டும் ஒண்ணா?" என்றது நண்டு.

அல்தான் திரும்பி மடையைப் பார்த்தது. சேறு மேடிட்டு, தண்ணீர் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கெண்டைக் குஞ்சுகூடப் போக முடியாது. அன்று சாயங்காலம் வடக்கே புறப்பட வாத்துக் கூட்டம் தயாராக நின்றது.

அல்தான் கூட்டத்தின் நடுவில் போய் நின்றது. "பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்லிட்டேன். என்னை நம்பி இதுங்க சாகப் போகுது. ஒரு பொழுது இருந்து உதவி பண்ணுங்க," என்று தலையைக் குனிந்தது. இமயத்தைத் தாண்டிய கழுத்து அவ்வளவு தாழ்ந்து யாரும் பார்த்ததில்லை.

நாற்பது வாத்துகளும் வரிசையாக மடைக்குள் இறங்கின. முன்னும் பின்னுமாக நடந்து சேற்றை மிதித்து மிதித்து ஒரு பள்ளம் உண்டாக்கின. குளத்தில் மிச்சமிருந்த தண்ணீர் அதில் சரிந்து ஓடியது. கெண்டைகள் வயிறு மண்ணில் உரச உரச வழுக்கிக்கொண்டு போயின. இருட்டுவதற்குள் எல்லாம் வாய்க்காலில் இறங்கிவிட்டன. முப்பது கெண்டைகள் கொக்குகளுக்கு இரையாயின. மற்றவை மடுவில் சேர்ந்தன. முப்பது என்பது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அது அல்தானுக்கும் தெரியும்.

வாத்துகள் பறந்தன. சித்திரையில் அல்தான் தன் ஏரியில் இறங்கியது. பனிக்கட்டி உடைந்து மிதந்துகொண்டிருந்தது. வழக்கமாக வந்ததும் தெற்கத்திக் கதையை அளக்கும் அது, அன்று ஒரு மீனிடம் போய், "மூடிக்குக் கீழ எப்படி இருந்தீங்க?" என்று கேட்டது.

"மூச்சு முட்டிக் கிடந்தோம். எங்கள்ல பாதிப் பேர் செத்துட்டாங்க," என்றது மீன்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"இத்தனை வருஷமா நீ கேட்கலையே."

ஓர் ஊரின் நல்ல காலத்தை மட்டும் பார்த்தவர், அதன் கெட்ட காலத்துக்கு யோசனை சொல்லும் முன், அங்கேயே கிடந்து பட்டவரிடம் கேட்க வேண்டும்.