கொள்ளுக் கஞ்சியும் குன்றின் மேல் பொங்கலும்

முன்னொரு காலத்தில், ஒரு மலைக்கும் ஓர் ஆற்றுக்கும் நடுவே இருந்த தேசத்தைச் செண்பகராமர் என்ற ராஜா ஆண்டு வந்தார். நீதி தவறாதவர், நெய்யையும் தவறவிடாதவர். விடிந்தால் பொங்கல், வெயில் ஏறினால் அப்பம், பொழுது சாய்ந்தால் அதிரசம் என்று அவருடைய நாள் நகரும்.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் சபைக்கு வந்தார். அவரை வரவேற்க ராஜா எழுந்தபோது, பரம்பரையாக ராஜாக்கள் இடுப்பில் அணியும் தங்கப் பட்டிகையின் கொக்கி தெறித்துப் போய்த் தூதரின் தாம்பூலத் தட்டில் விழுந்தது. தூதர் சிரிக்கவில்லை. வெற்றிலையை ஒதுக்கி, கொக்கியை எடுத்து, மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். அந்த மரியாதையைத்தான் ராஜாவால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே அரண்மனை வைத்தியர் மாசிலாமணியை அழைத்து, தம்மை இளைக்க வைக்கும்படி உத்தரவிட்டார்.

மாசிலாமணிக்கு உள்ளம் குளிர்ந்தது. பல வருஷங்களாக ராஜாவின் பக்கத்து ஆசனத்தில் விகடகவி கூத்தையன்தான் உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். வைத்தியர் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவார். இனிமேலாவது வேளைக்கு வேளை ராஜா தம் முகத்தைப் பார்ப்பார் என்று வைத்தியர் மகிழ்ந்தார். ஆனால் ராஜா ஒரு நிபந்தனை போட்டார். "எனக்கு எதைக் கொடுக்கிறீரோ, அதை மட்டும், அதே அளவில் என் எதிரே உட்கார்ந்து நீரும் சாப்பிட வேண்டும்."

வைத்தியரும் ஒன்றும் ஒல்லி ஆளில்லை. அவருடைய தொந்தி, அவர் வருவதற்கு முன்பே சபைக்குள் வந்துவிடும். என்ன செய்வது? காலையில் கொள்ளுக் கஞ்சி, மதியம் வாழைத்தண்டுச் சாறு, மாலையில் பெருங்காயம் கரைத்த மோர் என்று இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். பட்டிகையின் இரு முனைகளும் நெருங்கவில்லை. ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் மென்றால் வயிறு ஏமாந்து போகும் என்றார் வைத்தியர். ராஜா மென்றுகொண்டே தூங்கிப்போனார். வாசனையே பாதி உணவு என்று சொல்லி வைத்தியர், சமையற்காரர் ஓர் அதிரசத்தை ராஜாவின் மூக்குக்கு நேரே காட்டிவிட்டு எடுத்துப் போக ஏற்பாடு செய்தார். சில நாள் ராஜா பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் சமையற்காரரின் விரலைக் கடித்துவிட்டார்.

இவ்வளவு நடக்கும்போது அடுத்த கூடத்தில் கூத்தையன் இலை போட்டுச் சாப்பிடுவான். முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டியது போன்ற உடம்பு. பொங்கலில் குழி பறித்து நெய் ஊற்றுவான். வடையைப் பிட்டுச் சாம்பாரில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடுவான். அந்தச் சத்தமெல்லாம் வைத்தியர் காதில் விழும். கையிலிருந்த கஞ்சி இன்னும் கொஞ்சம் கசக்கும்.

ராஜாவுக்கே ஆற்றாமை வந்தது. ஒரு நாள் கூத்தையனைக் கூப்பிட்டு, இத்தனை தின்றும் அவனுக்கு மட்டும் ஏன் சதை வைக்கவில்லை என்று கேட்டார்.

"மகாராஜா, என்னுடையது குடியானவன் வயிறு. வருவது எதுவும் தங்குவதில்லை. தங்களுடையது அரண்மனைக் கஜானா. உள்ளே போனதை வெளியே விடக் காவலாளிகளுக்கு மனம் வருவதில்லை" என்றான் அவன்.

பட்டினியோடு இருந்த ராஜா சிரித்துவிட்டார். எத்தனையோ நாளாக முகத்தைத் தொங்கப் போட்டிருந்தவரை இவன் ஒரு வார்த்தையில் சிரிக்க வைத்துவிட்டானே என்று வைத்தியருக்கு நெஞ்சு காந்தியது. பசி அடிவயிற்றில் எரிந்தது, பொறாமை அதற்குச் சற்று மேலே எரிந்தது. இரண்டில் எது எது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையில் ராஜாவின் இடுப்பு இன்னும் பெருத்தது. காரணம் வைத்தியருக்குத் தெரியும். ஒரு காலையில் ராஜாவின் தலையணையை நோக்கி எறும்புகள் சாரை சாரையாகப் போவதைப் பார்த்திருந்தார். தலையணை உறைக்குள் அதிரசம் இருந்தது. ஆனால் ராஜா திருடித் தின்கிறார் என்று ராஜாவிடமே யார் சொல்வது? ராஜாவோ சபையில் பழியைத் தூக்கி வைத்தியர் தலையில் போட்டார். எல்லாருடைய பார்வையும் தம்மேல் திரும்பியதும் மாசிலாமணி எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா, மருந்தில் குற்றமில்லை. கண்ணேறுதான் காரணம். தாங்கள் உண்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள். ஆனால் எதைத் தின்றாலும் இளைத்தே இருக்கும் ரகசியம் நம் கூத்தையனுக்குத் தெரிந்திருக்கிறது. தங்களுக்கு மட்டும் சொல்லாமல் ஒளிக்கிறான். பொறுப்பை அவனிடமே ஒப்படையுங்கள்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கஞ்சி ஒழிந்தது என்பதே அவருக்கு முதல் மகிழ்ச்சி. அவர் உத்தரவைச் சொல்லச் சொல்ல, வைத்தியர் பக்கத்தில் நின்று பணிவாக எடுத்துக் கொடுத்தார். ராஜா எந்தப் பலகாரத்தைக் கேட்டாலும் கூத்தையன் மறுக்கக்கூடாது. கேட்டதை ராஜாவின் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும். கண்ணேறு படாமலிருக்க, சமைப்பவரையும் கூத்தையனையும் ராஜாவையும் தவிர வேறு யாரும் அந்த உணவைப் பார்க்கக்கூடாது. இத்தனைக்கும் நடுவில் வசந்த விழாவன்று பட்டிகையின் கொக்கி மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் கூத்தையனைக் கழுதைமேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து எல்லைக்கு அப்பால் விரட்டிவிட வேண்டும். உத்தரவில் ஒரு சொல்லும் விழா முடியும்வரை மாறக்கூடாது என்பதையும் சேர்த்து ஊரெல்லாம் பறையறைந்து சொல்லச் செய்தார் மாசிலாமணி. அவனுக்குத் தப்பிக்க ஒரு சந்தும் இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

கூத்தையனின் முகம் வெளுத்திருந்தது. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "தாங்கள் கேட்டதைத் தங்கள் கண்ணுக்கு முன்னால் வைத்தால் போதுமா, மகாராஜா?"

"போதும்" என்றார் ராஜா.

வைத்தியரின் கஞ்சி உத்தரவை மட்டும் ராஜா நீக்க மறந்துவிட்டார். பரவாயில்லை, அன்று மதியம் வைத்தியருக்கு வாழைத்தண்டுச் சாறுகூட இனித்தது.

மறுநாள் விடிந்ததும் ராஜா நெய்ப் பொங்கல் கேட்டார். நேரம் போனது. இலை வரவில்லை. ராஜா குரலை உயர்த்தியபோது கூத்தையன் வியர்த்து விறுவிறுத்து வந்து மேல்மாடத்துச் சாளரத்தைத் திறந்தான். அரண்மனைக்கு நேர் எதிரே ஒரு பாறைக் குன்று. உச்சியில் கல் மண்டபம். மண்டபத்தில் மஞ்சள் பட்டு விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளிப் பானை வெயிலில் பளபளத்தது.

"தங்கள் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டேன், மகாராஜா. நடுவில் ஒரு மரம்கூட மறைக்கவில்லை."

"இங்கே கொண்டு வா."

"முன்னால் வைக்கத்தான் உத்தரவு. பக்கத்தில் வைக்க உத்தரவில்லை. விழா முடியும்வரை ஒரு சொல்லும் மாறாது என்று பறை வேறு அறைந்துவிட்டார்கள்."

ராஜா வைத்தியரைத் திரும்பிப் பார்த்தார். வைத்தியர் உத்தரத்தைப் பார்த்தார்.

பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னார் ராஜா. பல்லக்குத் தூக்கிகள் உணவைப் பார்த்துவிடுவார்களே என்றான் கூத்தையன். அவர்கள் கண்ணைக் கட்டிவிடச் சொன்னார் ராஜா. "கட்டலாம், மகாராஜா. செங்குத்தான படி. கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் தோளில் தாங்கள் இருப்பீர்கள், அவ்வளவுதான்" என்றான் கூத்தையன். ராஜா சற்று யோசித்து, பாதரட்சையை மாட்டிக்கொண்டார்.

அன்று அவர் குன்று ஏறுவதை ஊரே பார்த்தது. படிக்குப் படி உட்கார்ந்தார். கூத்தையனைத் திட்டினார், தூதரைத் திட்டினார், படி வெட்டிய தம் தாத்தாவையும் திட்டினார். மேலே போய்ப் பானையை வழித்துத் தின்றுவிட்டு இறங்கும்போது கால்கள் நடுங்கின. மதியம் அப்பம் நினைவு வந்தது. கூடவே குன்றும் நினைவு வந்தது. நெடுநேரம் சாளரத்தருகே நின்றுவிட்டு, அந்தப் பெருங்காய மோரே போதும் என்று சொல்லிவிட்டார். நாள் போகப் போக, வாய் ஒன்றைக் கேட்கும் முன்னே முழங்காலைக் கலந்து பேசப் பழகிக்கொண்டார். ஏறினால் பசிக்குச் சாப்பிட்டார். ஏறாத நாளில் அளவாகச் சாப்பிட்டார். உட்காராமலே பாதிப் படி ஏறினார். பட்டிகையின் முனைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாசிலாமணிக்குத் தூக்கம் போயிற்று. தாம் போட்ட முடிச்சுகளையே அவன் படியாக்கி ஏறிவிட்டான். அதைவிட, குன்றிலிருந்து இறங்கும்போது ராஜா அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். அதுதான் வைத்தியரைக் குடைந்தது. தம் தோளில் அந்தக் கை ஒருநாளும் விழுந்ததில்லை.

விழா நெருங்கியது. வைத்தியர் தம் வீட்டு அடுப்பில் பயற்றம் மாவை வறுத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டை பிடித்தார். மேலே நிலவேம்புப் பொடியை லேசாகத் தூவி மருந்துபோல் தோன்றச் செய்தார். பிடிக்கும்போது ஓர் உருண்டையாவது வாயில் போடக் கை துடித்தது. கஞ்சியும் சாறும் மோரும் தவிர எதைத் தின்றாலும் உத்தரவை மீறியதாகும் என்ற பயம் அவரைத் தடுத்தது. உருண்டைகளை ஜாடியில் நிரப்பி, உடல் மெலியும் மருந்து என்று சொல்லி ராஜாவிடம் சேர்த்தார். மருந்து உணவாகாது, பறையறைந்த உத்தரவில் வராது. முதல் கடியிலேயே ராஜாவுக்கு விஷயம் புரிந்தது. அடுத்த ஜாடி எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

ராஜா குன்று ஏறுவதை விட்டுவிட்டார். பலகாரமும் கேட்பதில்லை. ஜாடிகள் வருவதையும் போவதையும் கூத்தையன் கவனித்தான். ஒரு நாள் சபை நடுவே ராஜா, "வைத்தியரே, மருந்து வேளை ஆகவில்லையா?" என்று கேட்க, கூத்தையன் எழுந்தான்.

"மகாராஜா, மருந்துக்கு இப்படி ஏங்குகிற நோயாளியை நான் எங்கும் கண்டதில்லை. அபூர்வ மருந்தாக இருக்க வேண்டும். வைத்தியர் கொடுப்பதை அதே அளவு அவரும் தங்கள் எதிரே சாப்பிட வேண்டும் என்ற பழைய உத்தரவு இருக்கிறதே. தாங்கள் தீர்த்த ஜாடிகளுக்கு ஈடாக அவர் இன்னும் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை."

ராஜாவால் மறுக்க முடியவில்லை. ஜாடி வந்தது. மாசிலாமணி ஓர் உருண்டையை எடுத்தார். முகத்தைச் சுளித்துக் கசப்பது போல் நடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். நிலவேம்பு நாக்கில் பட்டுக் கரைந்தது. அதற்கு அடியில் நெய் இருந்தது. எத்தனை நாள் கொள்ளு, எத்தனை நாள் வாழைத்தண்டு. வெல்லம் தொண்டையில் இறங்கியபோது முகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கண்கள் சொருகின. கை தானாக ஜாடிக்குள் போயிற்று. சபை இருப்பதை மறந்தார், ராஜா இருப்பதை மறந்தார். ஜாடி காலியானதும் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

"கசக்கிறதா, வைத்தியரே?" என்று கூத்தையன் மெல்லக் கேட்டான்.

வைத்தியர் கண்களில் நீர் தளும்பியது. ராஜா தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலை யாரும் சொல்லாமலே குன்று ஏறிவிட்டு வந்தார்.

வசந்த விழாவன்று சபை கூடியது. வாசலில் கழுதை தயாராக நின்றது. பட்டிகையைச் சுற்றினார்கள். கொக்கி மாட்டிக்கொண்டது. ராஜா பிடித்திருந்த மூச்சை விட்டுப் பார்த்தார். அப்போதும் நின்றது. அவர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையனுக்குப் போட்டு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். மாசிலாமணி கழுதையின் பக்கம் பார்க்காமல் நின்றார்.

"வைத்தியரின் கஞ்சியை நிறுத்துங்கள், மகாராஜா. இன்று விருந்தில் அவர் என் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். அவர் பசியோடு இருந்தால் என் உயிருக்குத்தான் ஆபத்து."

அப்படியே ஆயிற்று. இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். இலை நிறையப் பொங்கல், அப்பம், வடை. மாசிலாமணிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வார்த்தையைத் தேடிக்கொண்டே கூத்தையன் பக்கம் திரும்பினார். அவன் கழுத்தில் முத்துமாலை மின்னியது. அவர் கண் அதில் நிற்கவில்லை. கீழே இறங்கி, அவன் இலையில் தம் இலையைவிட ஒரு வடை கூடுதலாக இருப்பதைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டது.

எதிர் வரிசையிலிருந்து அந்தப் பார்வையைக் கண்ட ராஜா, கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்துவிட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். கூத்தையன் அந்த வடையை எடுத்து வைத்தியர் இலையில் வைத்தான். மாசிலாமணி அதை மறுக்கவில்லை.