விரிசலோடு நின்றது

அந்தக் காலத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும் வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் சும்மா கிடக்கும்.

செங்கோடன் பாறைக்குள் தங்கம் ஓடும் வரியைப் பிடித்துக்கொண்டு, வெடி வைத்து வைத்துப் பூமிக்குள் போனான். ஒருநாள் வந்த வழி சரிந்து மூடிக்கொண்டது. வேறு வழி தேடி வெடித்துக்கொண்டே இருந்தான். உள்ளே சோற்றுக்கு என்ன செய்தான் என்று கேட்கக் கூடாது. அந்தக் காலம் அப்படி.

மேலே அவன் பெண்சாதி அங்காயி. அவன் காலடியிலிருந்து அவள் வாசல்வரை ஒரே கருங்கல். கீழே வெடித்தால் மறுநொடி அதன் அதிர்வு அவள் உள்ளங்காலில் விர்ரென்று ஏறும். இருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள். அடுப்பை விட்டுவிட்டுத் தரையில் கன்னம் வைத்துப் படுப்பாள். அதற்குள் போயிருக்கும்.

பாறையிடம் சண்டைக்குப் போனாள். கொஞ்சம் நிறுத்திக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றாள். வந்ததைத் தள்ளிவிடத்தான் தெரியும், தன்னிடம் எதுவும் தங்காது என்றது பாறை. உன்னைக் கட்டிக்கொள்கிறவள் பாவம் என்று ஏசிவிட்டு வந்தாள்.

மழைக்காலம் போனது. காலில் ஏறுவது மட்டும் போதவில்லை. ஆள் வேண்டும். மறுபடி போனாள்.

"அண்ணே, பொளந்து வழி விடு. அவரு ஏறி வரட்டும்."

"பொளக்கறேன் அம்மிணி. ஆனா பொளவுக்கு அந்தப் பக்கம் வர்றதை இந்தப் பக்கம் என்னால தர முடியாது. அவன் வராட்டி உன் கால்ல ஏறுறதும் போச்சு."

"பொள."

பிளந்தது. அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

பிளவை ஒட்டி இருந்த ஏரியடியில் கிடந்த களிமண்ணுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புருசனும் பெண்சாதியும் சேர்வதைப் பார்க்க எட்டிப் பார்த்தது. வழுக்கி உள்ளே விழுந்தது. அவன் ஏறி வருவதற்குள் விரிசல் அடைபட்டுப் போனது.

அதன்பின் அவள் காலில் ஒன்றும் ஏறவில்லை. விரிசலோரம் போய் உட்கார்ந்து, அவர் செத்துவிட்டாரா என்று களிமண்ணைக் கேட்டாள்.

"இல்ல கண்ணு. இப்பக்கூட வெடிச்சாரு. எங்கிட்டத்தான் இருக்குது."

"குடுத்துரு அக்கா."

"வாங்கி வெச்சுக்கத்தான் தெரியும் கண்ணு. குடுக்கத் தெரியாதே."

கருங்கல்லில் நில்லாமல் ஓடிவரும் சுரங்க வெடியின் அதிர்வு, அன்று முதல்தான், களிமண் அடைத்த விரிசலில் விழுந்து அங்கேயே ஆடி அடங்குகிறது. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை, கீழே ஒருவன் இன்னும் வழி தேடிக்கொண்டிருந்தாலும்.