தாழங்காட்டு மணல்மேடு

ஒரு காலத்துல, கடல் ஓரத்துல, தாழங்காடுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவுல பெரிய மணல்மேடு, மேல பூரா தாழம்புதரு. ஊருக்குப் பக்கத்துலயே, அதே மேட்டுக்குப் பின்னால, ராசாவோட அரமனை. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவதான் இருளாயி. மீனவன் சடையனோட பொண்டாட்டி. நல்லா வாயாடி, ஆனா மனசு தங்கம்.

ஒருநா ராசா ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே சொன்னாராம்: “நான் ராசா. படுத்த இடத்துலருந்தே எனக்குக் கடல் தெரிய வேணாமா? இந்த மேடு மறைக்குது. பூராத்தையும் வெட்டித் தள்ளுங்கடா!”

ராசா சொல்லுக்கு யாரு எதிர்ச்சொல்லு சொல்றது? இருளாயி மட்டும் நேரா அரமனைக்குப் போனாளாம்.

“மகராசா, மேட்ட எடுத்தா கடல் உள்ள வந்துரும்.”

“என் ஊருக்குள்ள என்னைக் கேக்காம வருமா? போடி!”ன்னுட்டாரு.

மறுபடியும் போனா. “மகராசா, நான் பொறந்த ஊர்லயும் இப்பிடித்தான் ஒரு மேடு இருந்துச்சு. வீடு கட்ட மண்ணு வேணும்னு ஆளாளுக்கு அள்ளிட்டுப் போனோம். ஒரு புயல் வந்துச்சு. ஊரும் போச்சு, எந் தம்பியும் போயிட்டான். கையப் புடிச்சிருந்தேன், மகராசா. அப்பிடியும் போயிட்டான்.” சொல்லும்போதே அவ அழுதுட்டா.

ராசா சிரிச்சாரு. “உங்க ஊர்ல ராசா இல்ல. அதான் கடலுக்குப் பயமில்ல”ன்னாரு.

சிரிச்சாரும்மா! அழுகிறவளப் பாத்து யாராச்சும் சிரிப்பாகளா? அன்னைக்கு ராவெல்லாம் அவளுக்குத் தூக்கமே இல்ல. அழுதா கேக்கமாட்டாரு, கெஞ்சுனா கேக்கமாட்டாரு, வேற என்னத்தக் கேப்பாருன்னு யோசிச்சா, யோசிச்சா, யோசிச்சுக்கிட்டே இருந்தா.

அப்புறம் மூணாந்தடவையும் போனாளாம். சும்மா போகல, தலையில ஒரு கூடை கருவாட்ட வச்சுக்கிட்டுப் போயி, காத்து அடிக்கிற பக்கமாப் பாத்து நின்னா.

“ஐயய்யோ, என்ன நாத்தம் இது!”ன்னு ராசா மூக்கப் புடிச்சாரு.

“மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்க களத்துல காயுற கருவாடுங்க மகராசா. இம்புட்டு நாளும் மேடு மறிச்சுக்கிட்டு இருந்துச்சு. இனிமே வர்ற காத்தெல்லாம் எங்க களத்தத் தடவிட்டு நேரா உங்க ஊஞ்சலுக்குத்தான்.”

ராசா துள்ளி எந்திரிச்சுட்டாரு. “டேய், ஊரு பக்கத்து மேட்டத் தொடாதீங்க! அரமனைக்கு நேரா மட்டும் வெட்டுங்க!”

“அது மட்டும் போதுங்களா மகராசா? அரமனைக்கும் ஊருக்கும் நடுவுல குறுக்க ஒரு கரை போட்டீகன்னா நாத்தம் சுத்தமா வராதே?”

“போடுங்கடா கரைய! ஒசரமாப் போடுங்க!”

ஆக, அரமனைக்கு நேரா மேட்ட வெட்டுன ராசா ஆளுகளே மண்ணச் சுமந்து, ஊருக்கும் அரமனைக்கும் நடுவுல கரையும் போட்டுக் குடுத்துட்டுப் போனாக. பாத்தியா அவ புத்திய!

ஆனா இருளாயிக்கு அரமனை ஆளுகள நெனச்சா மனசு கேக்கல. சமையக்காரி, தோட்டக்காரன், காவக்காரன், எல்லாரையும் பாத்து, “எங்க ஊர்ல பறை சத்தம் கேட்டா என்ன ஏதுன்னு நிக்காதீக, கல்லுக்கோயிலுக்கு ஓடியாந்துருங்க”ன்னு சொல்லி வச்சா. ஊருக்குப் பின்னால ஒரு பாறைமேட்டுல அந்தக் கோயிலு இருந்துச்சு, ஆன கட்டி இழுத்தாலும் அசையாது.

ஊராளுகள மட்டும் சும்மா விட்டாளா? மணல்மேட்டுல எங்கெங்க மொட்டையாக் கெடந்துச்சோ அங்கெல்லாம் தாழைய நட வச்சா, மண்ணப் புடிச்சு நிறுத்துற அடும்புக்கொடிய ஓட விட்டா. எந்தக் கிழவிய யாரு தூக்குறது, எந்தப் புள்ளைய யாரு புடிக்கிறது, ஆட்ட யாரு அவுத்துவிடுறதுன்னு ஆளுக்கொரு வேலையப் பிரிச்சுக் குடுத்தா. அப்புறம் திடீர் திடீர்னு பறையத் தட்டுவா. சோறு வடிக்கையில தட்டுவா, வலை பின்னுகையில தட்டுவா, கல்யாண வீட்டுல எலை போடுகையிலயும் தட்டிட்டா!

“உனக்குப் பைத்தியமாடி?”ன்னு சடையன் கத்துனான்.

“ஆமா, பைத்தியந்தான். கோயிலுக்கு ஓடு”ன்னா. திட்டிக்கிட்டே ஊரே ஓடுச்சு.

அப்புறம் ஐப்பசி மாசம் வந்துச்சு. ஒரு மத்தியானம், பறவையெல்லாம் கூட்டங் கூட்டமா உள்நாட்டப் பாத்துப் பறக்குது. காத்து சட்டுனு தெசை மாறுது. பட்டப்பகல்ல வானம் கரிச்சட்டி மாதிரி ஆகிப்போச்சு. இருளாயி பறையத் தட்டுனா. இந்தத் தடவ யாரும் திட்டல. கிழவியத் தூக்குறவன் தூக்குனான், புள்ளையப் புடிக்கிறவ புடிச்சா, ஆட்ட அவுக்குறவன் அவுத்தான். அரமனை ஆளுகளும் ஓடி வந்துட்டாக. ராசா மட்டும், “கடலா நானா பாத்துருவோம்”னு ஊஞ்சல்லயே உக்காந்துட்டாரு.

கடல் எந்திரிச்சு வந்துச்சம்மா. மேட்டுல மோதுச்சு, மோதுச்சு, மோதிப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. வெட்டுன வழி கெடைச்சதும் அதுல பூந்துச்சு. ஊஞ்சலு போச்சு, தூணு போச்சு, அரமனைச் செவரும் சரிஞ்சு போச்சு. ஊரு பக்கம் திரும்பப் பாத்தா, குறுக்க அந்தக் கரை நிக்குது!

காத்து கொஞ்சம் அடங்குனதும், கோயில்ல நின்னு இருளாயி ஒவ்வொரு பேராக் கூப்புட்டா. “இருக்கேன்”னாக. “இருக்கேன்”னாக. தொட்டில்ல கெடந்த புள்ளைக்கு அதோட ஆத்தா “இருக்கான்”னா. கடேசிப் பேரு வரைக்கும் பதில் வந்துச்சு. அப்பத்தான் இருளாயிக்குக் கண்ணு தளும்புச்சு. சடையன் பக்கத்துல வந்து, “எம் பொண்டாட்டிடா இவ!”ன்னு ஊருக்கே கேக்குறாப்புல கத்துனான்.

“கத்துனது போதும். கட்டுமரத்த எடு. ராசா ஒருத்தரு பாக்கி”ன்னா இருளாயி.

தென்னமரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, கிரீடமும் இல்லாம, மேல்துண்டும் இல்லாம நடுங்கிக்கிட்டு இருந்தாரு ராசா. சடையனும் எளவட்டங்களும் அவரக் கூட்டியாந்து கஞ்சி குடுத்தாக. “நான் என்ன செய்யணும் தாயி?”ன்னு தலையக் குனிஞ்சு கேட்டாரு.

“வெட்டுன மண்ண உங்க கையாலயே சொமந்து திருப்பிப் போடுங்க மகராசா”ன்னா.

சொமந்தாரு! வெயில்ல, கை காச்சுப்போற வரைக்கும், சனங்களோட சனமா நின்னு சொமந்தாரு. வெட்டுன வழி மூடுற வரைக்கும் அவர யாரும் விடல.

அன்னையிலருந்து, தாழங்காட்டு ஆளுக எந்தச் சந்தைக்குப் போனாலும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் நடப்பாகளாம். “உங்க ஊர்ல அப்பிடி என்னய்யா இருக்கு?”ன்னு யாராச்சும் கேட்டா, “எங்க ஊருக்குக் கடல் வந்துச்சு. நாங்க எல்லாரும் இருக்கோம்”பாகளாம்.

ஆபத்து வரும்முன்ன கூடி நின்னவுக கத இது. சொன்ன வாய்க்குத் தண்ணி குடுங்க, கேட்ட காதெல்லாம் நல்லாருக்கட்டும்.