கண்ணுக்குத் தெரியாத காரம்

ஊரில் காலரா பரவியது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார் டாக்டர். அதற்கு விறகு வேண்டுமென்றால் மிராசுதார் சபாபதியின் தோப்பில்தான் வெட்டவேண்டும். ஊரார் போய்க் கேட்டார்கள்.

"தண்ணியில கிருமியா? என் கண்ணுக்குக் காட்டுங்க, அப்புறம் வெட்டிக்குங்க" என்று சிரித்தார் அவர்.

அவர் வீட்டுச் சமையல்காரி செவந்தி முன்னால் வந்து கையை விரித்தாள். "இதுல ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப உங்க கண்ணைத் தடவி விடட்டுங்களா? இப்பத்தான் பச்சை மிளகாய் அரிஞ்சுட்டுக் கையைத் துடைச்சேன்."

மிராசுதார் பதறி எழுந்தார். "கிட்ட வராதே!"

"கண்ணுக்குத் தெரியாததுக்கா எஜமான் பயப்படறீங்க?"

ஊரார் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். மிராசுதார் தோப்புச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஊரில் எல்லா அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. செவந்தி தன் மகளுக்கு ஒரு டம்ளர் ஆற்றிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகப் பக்கத்தில் படுத்தாள்.