ஒரே ஒரு பட்டன்

ஆண்டவன் மூளையைப் பங்கு வைத்த அன்று வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே படுத்துவிட்டவர்கள் மூன்று பேர்: பரிதி, லிங்கேசன், குமரகுரு. ஈரோட்டில் என் துண்டுக் கடைக்கு வெப்சைட் கட்ட, நான் கேட்ட விலைக்கு இவர்கள்தான் படிந்தார்கள். பேரம் பேசாமல் படிந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எதிர்க்கடைக்காரன் ஆன்லைனில் விற்று என் வாடிக்கையை உருவிக்கொண்டிருந்தான். ஆடிக்குள் ஆர்டர் வராவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

விவரம் தெரிந்த ஒருத்தர் போனில் மூவருக்கும் சொல்லிக்கொடுத்தார்: "வெப்சைட்டுக்கு ஃப்ரேம்வொர்க் என்பது அடித்துவைத்த அலமாரி மாதிரி. எதை எந்தத் தட்டில் வைப்பது என்பதுதான் உங்கள் வேலை. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானதை ஒரே இடத்தில் வையுங்கள். ஒரு பகுதி வேலையில் இன்னொரு பகுதி தலையிடக் கூடாது."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

திறப்பு நாளில் பார்த்தால், பக்கம் பக்கமாகத் துண்டு. வாங்கும் பட்டனைக் காணோம்.

"பட்டன் எங்கடா?"

"அது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவுங்ணா," என்றான் பரிதி. "அதனால ஒரே இடத்துல வெச்சிட்டோம்."

"எந்த இடத்துல?"

"நம்ம கல்லா பக்கத்துக் கம்ப்யூட்டர்லீங்."

"வாங்கறவன் என்னடா பண்ணுவான்?"

"வந்து அமுக்கிட்டுப் போவானுங்."

குமரகுரு தாடையைச் சொறிந்தான். "கடை பூட்டியிருந்தா?"

"சன்னலோரமா நகத்தி வெச்சிக்கலாம்," என்றான் லிங்கேசன்.

அடிக்கக் கை ஓங்கினேன். அதற்குள் ஒருத்தர் உள்ளே வந்தார். தாராபுரம் மாசிலாமணி. சைட்டில் பார்த்துவிட்டு, அமுக்குவதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். அமுக்கினார். ஒரு டஜன் துண்டு.

முதல் ஆர்டர்! பூரித்துப்போய் அலமாரியிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன். லிங்கேசன் என் கையைப் பிடித்தான்.

"நீங்க கடைப் பகுதிங்ணா. இது டெலிவரிப் பகுதி. தலையிடக் கூடாது."

"ஏனுங் தம்பி, துண்டு இங்கதான இருக்குது?" என்றார் மாசிலாமணி.

"நீங்க அட்ரஸ் தாராபுரம்னு போட்டிருக்கீங்களே. அங்க இருந்தாத்தானுங் வாங்க முடியும்?"

"அதும் நாயந்தான்," என்று அவர் பஸ் ஏறினார். பார்சலோடு குமரகுருவும் ஏறினான். பக்கத்து சீட்.

காங்கேயம் தாண்டும்போது மாசிலாமணிக்கு வேர்த்துக் கொட்டியது. "ஒரு துண்டு குடு தம்பி, மூஞ்சியத் தொடச்சிக்கறேன்."

குமரகுரு பார்சலை இறுக்கிக்கொண்டான். "இன்னும் அட்ரஸ் வரலீங்."

தாராபுரத்தில் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை வாசலில் காத்திருந்து, பிறகு தட்டினான். திறந்த மாசிலாமணி அசந்துபோனார்.

"பரவால்லியே! நான் வந்து செருப்புக் கழட்டல, சரக்கு வந்துருச்சே. இதுக்கு அஞ்சு ஸ்டார் போட்டே ஆகணும்."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் கடைக்கு வந்து நின்றார். ஸ்டார் போடுகிற பட்டனும் பொதுவானதுதானே.