பேச்சியம்மாளின் மெழுகுத்தட்டு

கிராமபோன் புதிதாக வந்த காலம். நாட்டுப்புறப் பாட்டுக்காரர்களைத் தேடி ஊர் ஊராகப் போய் மெழுகுத்தட்டில் ஒலிப்பதிவு செய்துவந்தவர் காளத்தி. வயது முப்பதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வேதமாணிக்கத்துக்கோ ஐம்பத்தெட்டு. ஜெர்மனிவரை போய்ச் சங்கீதம் படித்தவர். தாடி நரைத்த மனுஷர் இந்தப் பொடியனிடம் என்னத்தைக் கற்கப் போகிறார் என்று ஊர் சிரித்தது. வேதமாணிக்கம் சிரித்தே வருஷக்கணக்காகிவிட்டது.

அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்காக நூறு வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்க ஒரு சிம்பொனி எழுதினார். ஒன்றரை மணி நேரம் ஓடும். லண்டனில் ஒரு குழு வாசிக்கக் காத்திருந்தது. ஒன்பது வருஷமாக அவர் அனுப்பவில்லை.

"ஏன்?" என்றார் காளத்தி.

"எழுதினப்போ தேம்பித் தேம்பி அழுதேன் ஆசானே. தினமும் பியானோவில வாசிச்சுப் பார்க்கிறேன். இப்போ அழுகை வரல. எட்டுக் கொம்பு வாத்தியம் இருந்ததைப் பன்னிரண்டாக்கினேன். முரசு சேர்த்தேன், மணி சேர்த்தேன். ம்ஹூம், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன். என் பிள்ளை அதுல இருக்காளா, போயிட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க."

"நாளைக்குச் சங்கரன்கோவில் போறோம். மெழுகுத்தட்டைப் பார்த்துத் தூக்குங்க" என்றார் காளத்தி.

அங்கே ஒரு சத்திரத்து அறையில் எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டார்கள். களையெடுக்கும் பேச்சியம்மாள் ஒலிக்குழாயின் முன்னால் நின்று, செத்துப்போன மகனுக்கு ஒப்பாரி வைத்தாள். மூன்று நிமிஷம். ஊசி மெழுகைக் கீறிக்கொண்டே போனது.

"இன்னொருக்கப் பாடச் சொல்லாதிய சாமி, என்னால ஏலாது. எம்மவன் பேரு நாலு ஊருக்குக் கேக்கட்டும்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

வேதமாணிக்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்போம் ஆசானே. சரியா விழுந்திருக்கான்னு பார்க்க வேண்டாமா?"

பதிந்ததைப் போட்டுக் கேட்கும் ஊசியைக் காளத்தி அவர் கையில் கொடுத்தார். "தாராளமாக் கேளுங்க. மெழுகு இளசு. இது ஒரு தடவை ஓடினா கோடெல்லாம் தேஞ்சிடும். அப்புறம் கல்கத்தாவில இதிலிருந்து அச்சு எடுத்து வேற தட்டு போட முடியாது. உங்களுக்கு அப்புறம் யாரும் கேட்க முடியாது."

வேதமாணிக்கம் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்போ யாருமே கேட்காமலா கல்கத்தாவுக்கு அனுப்புவீங்க?"

"ஆமா."

"வழியில உருகிட்டா?"

"போனது போனதுதான்."

"அவ துக்கம் இதுல இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது." காளத்தி தட்டைப் பஞ்சில் பொதிந்து பெட்டியை மூடினார்.

வேதமாணிக்கம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொங்கி வந்த அழுகையை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்பது வருஷமா நான் தினம் தினம் ஊசியை ஓட்டிட்டேனே ஆசானே! என் பிள்ளை அழிஞ்சிட்டாளா?"

காளத்தி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அழிஞ்சிட்டா ஐயா. இன்னும் கேட்காதவங்களுக்கு அழியல."