ஏற்கெனவே வந்திருந்தவள்

மாரியம்மன் படம் எடுக்கிறவர்கள் மாரியம்மனுக்குப் பயப்படாமல் இருக்க முடியுமா? அம்மன் வேஷம் கட்டுகிற ராஜவல்லிக்குப் பூஜை போட்டு, கையில் காப்புக் கட்டினார்கள். படம் முடிகிறவரை அவள் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. ஸ்டுடியோவிலேயே ஓர் அறையில் தங்கி, ஒருவேளை உண்டு, பாயில் படுக்க வேண்டும். முதலாளிகூட அந்த அறை வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டுத்தான் கடப்பார்.

ராஜவல்லிக்குச் சாமி விஷயத்தில் தனக்கென்று ஒரு கட்சி கிடையாது. மாமியார் காத்தாயி வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவள். புருஷன் துரைக்கண்ணு சாமியே இல்லை என்று கோயில் வாசலில் செருப்போடு நின்று வாதாடுகிறவன். இரண்டு பேருக்கும் சோறு போட்டு, ஏழு வயது மகள் செண்பகத்துக்குத் தலை பின்னி, இவள் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர் தாண்டவமூர்த்தி வாத்தியார். நாடகக் கம்பெனிகளில் ஆண்களே பெண் வேஷம் கட்டிய காலத்தில், ஊர் ஊராக அம்மனாக நின்றவர். ஒண்டிக்கட்டை. அதிகம் பேசமாட்டார்.

"சாமி கண்ணைச் சிமிட்டாது." அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

அன்று காலை எடுத்த காட்சியில் ராஜவல்லி சிமிட்டவில்லை. டைரக்டர் கட் சொன்ன பிறகும் சிமிட்டவில்லை. மேலே பரணில் விளக்குப் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து செருப்பைக் கழற்றினார்கள். ஒருவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கண்ணை மூடத்தான் பார்த்தாள். இமை இறங்கவில்லை.

வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் ஆள் வந்து சொன்னான்.

வெளியே வெயிலில் மாமியாரும் புருஷனும் தள்ளித் தள்ளி நின்றார்கள். மாமியார் கையில் வேப்பிலைக் கொத்து. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"யாருக்கு?"

"செண்பகத்துக்கு. ஆத்தா எறங்கியிருக்கா," என்றாள் காத்தாயி. "ஒடம்பு பூரா முத்து. யார் குடுத்தாலும் ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டேங்குது. மோட்டைப் பார்த்தபடியே கெடக்குது. கண்ணை மூடவே இல்ல."

மருமகளை வாடி போடி என்று கூப்பிடுகிறவள், வேப்பிலையோடு கையைக் கூப்பினாள்.

"கலைக்காம அப்படியே வா தாயே. எறங்கியிருக்கிற ஆத்தாவை நீதான் அழைச்சுக்கிட்டுப் போகணும்."

துரைக்கண்ணு பல்லைக் கடித்தான். "அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன், வாசல்லயே மறிச்சுட்டாங்க. நீ மொகத்தைக் கழுவிட்டுப் பெத்தவளா வா, வல்லி. இந்த வேஷத்தோட வந்தா நெலையைத் தாண்ட விடமாட்டேன்."

"கலைச்சுட்டு வந்தா நான் விடமாட்டேன்," என்றாள் காத்தாயி, தரையைப் பார்த்தபடி.

ராஜவல்லி வாத்தியாரின் அறைக்கு ஓடினாள். விஷயத்தைச் சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது.

"கலைச்சுட்டுப் போகவா வாத்தியாரே, கலைக்காமப் போகவா?"

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது.

"கொழந்தைக்கு நெனவு இருக்கா?"

"முழிச்சுக்கிட்டேதான் இருக்காளாம்."

அவர் எழுந்துபோய், வேஷம் கலைக்கிற தேங்காயெண்ணெய்ப் புட்டியையும் ஒரு பழந்துணியையும் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

"இப்படியே போ. இதையும் எடுத்துக்கிட்டுப் போ. கொழந்தை என்ன சொல்லுதோ அதைக் கேளு. வேற யாரையும் கேக்காதே."

காப்புக் கட்டியிருந்தும் முதலாளி தடுக்கவில்லை; ஸ்டுடியோ காரில் மூன்று பேரும் போனார்கள். டிரைவர் வழியெல்லாம் பின்பக்கம் திரும்பவே இல்லை.

சொன்னபடியே துரைக்கண்ணு நிலைப்படியில் குறுக்கே நின்றான். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"விடு."

அது ஒரு சின்னப் பெண்ணின் குரலாக இல்லை. அவன் நகர்ந்துகொண்டான். ஏன் நகர்ந்தான் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

உள்ளே இருட்டு. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாடை. வாழையிலையில் கிடந்த குழந்தை மெல்லத் தலையைத் திருப்பியது. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருமே சிமிட்டவில்லை. தெருச் சத்தம் அடியோடு நின்றுபோன மாதிரி இருந்தது.

"சொல்லு தாயே, போகச் சொல்லு," என்று கதவோரம் காத்தாயி முணுமுணுத்தாள்.

ராஜவல்லி, படித்த பாடப்படி ஆசீர்வாதத்துக்கு வலக்கையைத் தூக்கினாள். குழந்தை அந்தக் கையையே பார்த்தது.

"இங்கதான் ஏற்கெனவே ஒருத்தி வந்திருக்காளே," என்றது. "நீ எதுக்கு வந்தே?"

ராஜவல்லி கையை இறக்காமல் நின்றாள்.

"எங்கம்மாவை வரச் சொல்லு."

தூக்கிய கையை இறக்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். எண்ணெயைக் கவிழ்த்து முகத்தைத் தேய்த்தாள். மஞ்சளும் சிவப்புமாகத் துணியில் வந்தது. எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். காத்தாயி தடுக்கவில்லை. துரைக்கண்ணு உள்ளே வரவில்லை.

"அம்மா," என்றாள் செண்பகம், தன் குரலில். பிறகு தண்ணீர் கேட்டாள்.

குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவிவிட்ட பிறகுதான் ராஜவல்லி ஸ்டுடியோவுக்குத் திரும்பினாள். நேராக வாத்தியாரிடம் போனாள்.

"பொழைச்சுட்டா வாத்தியாரே. மொகத்துலதான் தழும்பு."

"இருக்கட்டும்."

"வீட்ல ஒரே சண்டை. தன் மொகத்தையே எதிர்ல பார்த்து ஆத்தா எறங்கிப் போயிட்டான்னு அத்தை. பெத்தவ கையால தண்ணி உள்ள போச்சு, பொழைச்சுதுன்னு அவர். செண்பகத்தைக் கேட்டா ஒண்ணுமே நெனவில்லைங்கறா."

அவர் மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"'எங்கம்மாவை வரச் சொல்லு'ன்னு அவ வாயில பேசினது யாரு? காய்ச்சலா, ஆத்தாவா? நான் நம்பவா, வேண்டாமா?"

வாத்தியார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு பையன் இருந்தான்," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. "கம்பெனி திருவாரூர்ல கொட்டகை போட்டிருந்தப்போ அவனுக்கு அம்மை போட்டுது. பாதி நாடகத்துல, அம்மன் வேஷத்தோடயே ஓடினேன். அவனும் என்னைப் பார்த்து இதையேதான் சொன்னான். எங்கப்பாவை வரச் சொல்லுன்னான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் தன் வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசீர்வாதம் பண்ணேன்," என்றார்.